வாசகரைத் தேடிச் சென்ற நூலகர்

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்திருக்கிறது. இவ்வைப்புமுறை எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏட்டைப் படித்து அறிவதும் பிறர் சொல்லக் கேட்டு அறிவதும் அறிவுக்கு உரிய இரு வாயில்கள் என்றே தமிழ் மரபு கண்டது. ஒரு வாயில் அடைபட்டவர்க்கு மற்றொன்று திறந்திருக்க வேண்டும் என்பதும் அதனுள் அடங்கிய கருத்தாகும். காப்பியங்கள் அவையில் ஓதி அரங்கேற்றப்பட்டதும், ஊர்ப் பொதுவிடங்களில் புராணமும் பாரதமும் படித்துப் பொருள் சொல்லப்பட்டதும் இந்நெறியின் வெளிப்பாடுகளே.

இந்நெறியை நூலகம் என்னும் நிறுவனத்திற்குள் கொண்டுவந்து, எந்த நூலும் தன் வாசகரைச் சென்று சேர்ந்தாக வேண்டும் என்று உலகம் ஏற்கும் வண்ணம் வகுத்துரைத்தவர் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் அவர்கள். இந்திய நூலகவியலின் தந்தை என்று அவரைப் போற்றுவர். அவர் வகுத்த பகுப்பு முறையை நூலகர்கள் அறிவர். அவர் பெயரால் விருதுகளும் விழாக்களும் உண்டு. ஆயினும், இளையோர் நூலை நாடவில்லை என்ற கவலை எழும்போதெல்லாம் அவர் வாழ்வு சொல்லும் விடை ஒன்று இருப்பதைப் பலர் நினைவுகூர்வதில்லை.

கேட்டு வளர்ந்த சிறுவர்

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். ஞானசம்பந்தர் பிறந்த மண் அது. தந்தையார் இராமாமிர்த ஐயர் நெல்வயல் உடைய நடுத்தர நிலக்கிழார். தாயார் சீதாலட்சுமி அம்மையார். தந்தையார் அண்டை அயலாரைச் சிறு குழுக்களாகக் கூட்டி இராமாயணம் சொல்லும் வழக்கம் உடையவர். ஆகவே அரங்கநாதன் எழுத்தறியும் முன்பே கதை கேட்கும் பேறு பெற்றவர்.

அப்பேறு நெடுநாள் நீடிக்கவில்லை. 1898இன் தொடக்கத்தில், முப்பது வயதளவில், தந்தையார் சிறிது காலமே நோயுற்று மறைந்தார். மகனுக்கு அப்போது ஆறு வயது நிரம்பவில்லை. வீட்டில் ஒலித்த கதைக்குரல் அடங்கியது. பள்ளி ஆசிரியராக இருந்த பாட்டனார் சுப்பையரின் அரவணைப்பில் சிறுவர் வளர்ந்தார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நாயன்மார், ஆழ்வார் வரலாறுகளைத் தம் ஆசிரியர்கள் வாயிலாகக் கேட்டறிந்தார்.

அவருக்கு இன்னோர் இடரும் இருந்தது. பேசும்போது நாத் திக்கும். கேட்பதில் இன்பம் கண்ட சிறுவருக்குத் தாம் பேசுவது எளிதாக இல்லை. இக்குறையோடு அவர் நெடுங்காலம் போராடினார். பணிக்கு இடையூறாகாத அளவிற்கு அதனைக் கட்டுப்படுத்தினார். பின்னாளில் நூற்றுக்கணக்கான மேடைகளில் நூலகத்திற்காக உரையாற்றிய ஒருவர் இக்குறையைக் கடந்து வந்தவர் என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

கணித ஆசிரியர்

பள்ளிக் கல்வி முடித்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். அந்த ஆசான் மாணாக்கர் உறவு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1917 முதல் மங்களூரிலும், பிறகு கோவையிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

அக்கால வகுப்பறை பெரும்பாலும் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் இடமாகவே இருந்தது. அரங்கநாதன் அவ்வழியை விரும்பவில்லை. மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனிப் பணிகளைத் தந்து, தாமே தேடி, தம்முள் விவாதித்து அறியச் செய்தார். அம்முறைக்கு வகுப்பறை மட்டும் போதாது, நூல்கள் வேண்டும். மாணவரின் கை எட்டும் இடத்தில் நூல்கள் இருத்தல் வேண்டும். நூலகர் ஆவதற்கு முன்பே அவருக்கு நூலகத்தின் தேவை இவ்வாறு புலனாயிற்று.

ஆளற்ற மாளிகை

1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் அவருள் இலர். அரங்கநாதனும் நூலகவியல் அறிந்தவரல்லர். நேர்காணலுக்குச் செல்லுமுன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையை அவசரமாகப் படித்துச் சென்றார் என்பர். ஆசிரியப் பணியின் குறைந்த ஊதியமே அவரை விண்ணப்பிக்கத் தூண்டியது. 1924 சனவரியில் அவர் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார்.

நூலகம் அப்போது எழும்பூர்க் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இருந்தது. நூல்கள் இருந்தன, படிப்போர் அரிதாகவே வந்தனர். மாணவர் சூழ வாழ்ந்து பழகிய ஆசிரியருக்கு அந்தத் தனிமை தாங்க முடியாததாயிற்று. சில வாரங்களுக்குள்ளேயே மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பி அங்கே முறையிட்டார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வருமாறும், வந்த பின்னும் மனம் மாறவில்லையானால் பழைய பணிக்குத் திரும்பலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவ்வேற்பாட்டினை அவர் ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை நகைச்சுவைக்காகச் சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் அவர் பிற்காலப் பணிகளுக்கெல்லாம் வித்து இதனுள்ளேயே இருக்கிறது. ஆளற்ற நூலகத்தில் அமர்ந்திருக்க அவரால் இயலவில்லை. நூலகரின் இன்பம் நூலைக் காப்பதில் இல்லை, அதனை ஒருவர் கையில் சேர்ப்பதில் இருக்கிறது என்பதை அத்தனிமை அவருக்கு உணர்த்திற்று.

இங்கிலாந்து காட்டிய வழி

1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டியாக விளங்கினார். சேயர்ஸ் குராய்டன் நகர நூலகத்தின் தலைவர், நூற்பகுப்பில் வல்லவர், குழந்தைகளுக்கான நூலகம் குறித்துத் தனி நூல் எழுதியவர். குழந்தைகளை வட்டமாக அமர்த்திக் கதை சொல்லும் வேளைகள் மேலைநாட்டு நூலகங்களில் பரவி வந்த காலம் அது. கதை கேட்ட குழந்தை அக்கதை உள்ள நூலைத் தேடும். தேடிய நூல் மற்றொன்றிற்கு வழிகாட்டும். செவி திறந்த வாயிலின் வழியே விழி பின்தொடரும்.

அரங்கநாதன் அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சென்று பார்த்தார். தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவர் சிறுமியரும் தடையின்றி நூலகத்துள் வந்து செல்வதைக் கண்டார். அவர் நினைவில் எழும்பூரின் வெறுமை நிழலாடியிருக்க வேண்டும். இரு நாட்டு மக்களின் அறிவில் வேறுபாடு இல்லை. நூலகங்கள் மக்களை நடத்தும் முறையிலேயே வேறுபாடு இருந்தது.

இலண்டன் அங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டதும் அக்காலத்தில்தான். ஒரே பெட்டியிலுள்ள தகடுகளையும் திருகுகளையும் வெவ்வேறு வகையாக இணைத்து வெவ்வேறு பொம்மைகளை உருவாக்கலாம். அதுபோலவே ஒரு பொருளின் கூறுகளைக் குறியீடுகளால் இணைத்து எந்நூலுக்கும் உரிய இடத்தைச் சுட்டலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அவ்வெண்ணத்தின் கனியாகும். சிறுவர் விளையாட்டுப் பொருளிலிருந்து ஓர் அறிவியல் பிறந்தது என்பது வியப்புக்குரிய செய்தியே.

1925இல் தாயகம் திரும்பியபோது, மாநிலக் கல்லூரிக்கு மீண்டும் செல்லும் எண்ணம் அவரிடம் இல்லை.

திறந்த அலமாரிகள்

திரும்பியவர் நூலகத்தின் இயல்பையே மாற்றினார். பூட்டிய அலமாரிகளிலிருந்து கேட்டவர்க்கு மட்டும் நூல் எடுத்துத் தரும் வழக்கத்தைக் கைவிட்டு, படிப்போர் தாமே அலமாரிகளிடையே உலவி நூல்களை எடுத்துப் பார்க்க வழிசெய்தார். நூல் களவு போகும் என்ற அச்சம் அந்நாளில் பலருக்கு இருந்தது. சில நூல்கள் போவதைவிட எல்லா நூல்களும் எவராலும் தொடப்படாமல் கிடப்பதே பேரிழப்பு என்பது அவர் துணிபு. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார்; விடுமுறை நாள்களிலும் திறந்து வைத்தார். வந்தவர் தேடுவது என்னவென்று கேட்டறிந்து துணைநிற்கும் பணியாளரை அமர்த்தினார்.

தேடி வந்த நூலை எடுக்கப் போன இளைஞர் அதன் அருகில் இருந்த, தாம் அறியாத நூல் ஒன்றால் ஈர்க்கப்படுவது திறந்த அலமாரியில் மட்டுமே நிகழக்கூடியது. கவிஞர் பலர் தம் முதல் ஆசானை இவ்வாறே கண்டிருப்பர். பாடத்திட்டம் சுட்டாத நூலே பெரும்பாலும் வாழ்க்கையைத் திருப்புகிறது.

1936இல் சென்னைக் கடற்கரையை நோக்கிப் பல்கலைக்கழக நூலகத்திற்கெனச் சேப்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அதன் அமைப்பில் அரங்கநாதனின் கருத்துகள் இடம்பெற்றன. ஒளியும் காற்றும் உள்ள படிப்புக் கூடமும், எளிதில் அணுகத்தக்க நூல் வரிசைகளும் அதன் சிறப்புகள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் வாரத்தின் ஏழு நாளும் அவர் அந்நூலகத்திற்காக உழைத்தார்.

ஐந்து விதிகள்

1928ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஆக்கமும் இழப்பும் ஒருங்கே வந்த ஆண்டாகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. அவர் அதன் செயலாளரானார். அதே ஆண்டில் அவர்தம் துணைவியார் உருக்குமணி அம்மையார் விபத்தொன்றில் உயிர் நீத்தார். அத்துயரைச் சுமந்தபடியே அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை அவையறிய விளக்கினார். மறு ஆண்டில் சாரதா அம்மையாரை மணந்தார்.

அவ்வைந்து விதிகள் பிறந்த வரலாறும் சுவையானது. நூலகத்தில் தாம் செய்துவந்த எண்ணற்ற சிறு செயல்களுக்கெல்லாம் அடிப்படையாகச் சில கொள்கைகள் இருத்தல் வேண்டும் என்று கணித அறிஞராகிய அவர் மனம் தேடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை தம்மைக் காண வந்த ஆசான் ராஸ் அவர்களிடம் அத்தேடலைச் சொன்னார். நூல் என்பது பயன்படுவதற்கே என்னும் கருத்தை ஆசான் எளிய சொற்களில் எடுத்துக்காட்ட, முதல் விதி கிட்டியது. ஏனைய நான்கும் அதன் வழியே தாமாக வந்தமைந்தன. 1931இல் சென்னை நூலகச் சங்கம் அவற்றை நூலாக வெளியிட்டது. அந்நூலுக்கு பி. எஸ். சிவசாமி ஐயர் முன்னுரையும் சேயர்ஸ் அறிமுகவுரையும் வழங்கினர்.

முதல் விதி நூலைக் காவலிலிருந்து விடுவித்தது. ஐரோப்பிய மடங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. சங்கிலி அறுந்த பின்னும் மனப்பான்மை மாறாதிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். இரண்டாம் விதி ஒவ்வொரு மனிதருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்றது. ஆண், பெண், நகரத்தார், சிற்றூரார், முதியோர், சிறுவர், பார்வையற்றோர், நோயுற்றோர், சிறையில் இருப்போர் என்ற எவரையும் அது விலக்கவில்லை. மூன்றாம் விதி ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைக் கண்டறிந்து சேர்க்கும் கடமையை நூலகத்தின் மீது சுமத்தியது. நான்காம் விதி வாசகரின் நேரத்தை வீணாக்காமை. ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிராகக் கண்டது.

இவற்றுள் மூன்றாம் விதியே இளையோர் பற்றிய கவலைக்கு நேரான விடையாகும். இளைஞர் நூலை நாடவில்லை என்றால் குறையை இளைஞரிடம் தேடுவது வழக்கம். அரங்கநாதனின் விதியோ அந்தக் குறையை நூலகத்தின் வாயிலில் கொண்டுபோய் வைக்கிறது. வாசகரைக் காணாத நூல் அலமாரியில் இருக்குமானால், தன் பணியை இன்னும் முடிக்காத நூலகம் அது. பழிப்பதற்கு அங்கு இடமில்லை. செய்வதற்கே இடம் உண்டு.

எழுத்தறியாதார்க்கும் நூல்

இரண்டாம் விதியை அவர் எழுதிய காலத்தில் நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஒவ்வொருவருக்கும் உரிய நூல் என்ற கொள்கை அவர்களிடம் வந்து முட்டி நின்றது. எழுத்தறிவு வரும்வரை அவர்கள் காத்திருக்கட்டும் என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு ஒதுங்கவில்லை. படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் சூழ்ந்திருந்து கேட்க, நூலகமே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். சிற்றூர் நூலகர் மாலை வேளைகளில் ஊராரைக் கூட்டி உரக்கப் படித்துக் காட்டுவது அவர் நோக்கில் நூலகப் பணியின் ஒரு பகுதியே ஆகும். கேட்பவரும் வாசகரே என்பது இதனால் பெறப்படும் முடிவு. தந்தையார் இராமாயணம் சொல்ல அருகிருந்து கேட்ட சிறுவர் இம்முடிவுக்கு வந்தது இயல்பே.

நூலகத்தை நாடி வர இயலாதவரிடம் நூலகமே செல்லலாம் என்பதற்கும் தமிழ்நாடு அவ்வாண்டுகளிலேயே சான்று கண்டது. 1931 அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் அமைந்த நடமாடும் நூலகம் தொடங்கப் பெற்றது. அப்பகுதியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை அவர்களின் கொடையால் உருவான வண்டி அது. நூலடுக்குகளைச் சுமந்துகொண்டு நெல்வயல்களினூடே ஊர் ஊராகச் சென்ற அவ்வண்டி, சென்னை நூலகச் சங்கம் எழுப்பிய விழிப்புணர்வின் விளைவாகும். வாசகர் வரும்வரை காத்திருக்கும் பழைய நூலகமும் வாசகரைத் தேடிச் செல்லும் புதிய நூலகமும் வேறுபடும் எல்லைக்கோட்டை அவ்வண்டியின் தடம் வரைந்தது எனலாம்.

சட்டமும் விலகலும்

தனி மனிதர் முயற்சியும் வள்ளல்களின் கொடையும் எல்லா ஊர்களுக்கும் போதா என்பதை அரங்கநாதன் அறிந்திருந்தார். 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றினை முன்வைத்தார். அன்று முதல் இடைவிடாது வாதாடினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்திற்கெனச் சட்டம் கண்ட முதல் மாநிலம் சென்னையே. நூலக வரி வழியே நிலையான வருவாயும், மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும் அதனால் அமைந்தன. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கிளை நூலகப் படியேறும் சிறுமி அச்சட்டத்தின் பயனை அறியாமலே பெறுகிறாள்.

சட்டம் நிறைவேறிய நாளில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டி வளர்த்த நூலகத்தைவிட்டு 1944இல் விலகினார். இராதாகிருட்டிணன் துணைவேந்தராக இருந்த காசி இந்துப் பல்கலைக்கழகம் அவரை 1945இல் வரவேற்றது. அங்கே ஏறத்தாழ 1,00,000 நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்குபடுத்தினார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று நூலகவியல் கல்வியை உயர்நிலைக்கு உயர்த்தினார். அதன்பின் சில ஆண்டுகள் சூரிச் நகரில் தங்கி ஆய்விலும் எழுத்திலும் ஈடுபட்டார்.

1957இல் நடுவணரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. அக்காலப் பகுதியில் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து 1,00,000 உரூபாயைத் தாம் விட்டுவந்த சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே கொடையாக அளித்தார். துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்று அதனால் ஏற்பட்டது. எளிய உடையும் எளிய உணவும் கொண்டு வாழ்ந்த ஒருவருக்கு அத்தொகை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இராமானுசனுக்குக் கிடைத்த நூல்

1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையம் அவர் தலைமையில் தொடங்கியது. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் தகுதி பெற்றார். எழுபது வயதைக் கடந்த அந்நாள்களிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1967இல் அவர் வெளியிட்ட நூல் நூலகவியல் பற்றியதன்று. கணித மேதை இராமானுசனின் வாழ்க்கை வரலாறு அது.

கணித ஆசிரியராகத் தொடங்கியவர் கணித மேதை ஒருவரைப் பற்றி எழுதியதில் வியப்பில்லை. ஆயினும் அவ்வாழ்க்கையில் நூலகர் ஒருவரின் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த இராமானுசனுக்கு, கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்கு எட்டியது. உள்ளூர் அரசுக் கல்லூரி நூலகத்து நூல் அது என்பர். ஆயிரக்கணக்கான தேற்றங்களைச் சுருக்கமாகத் தொகுத்துத் தந்த அந்நூலைத் தேர்வுக்கு உதவும் கையேடாகவே பிறர் கருதினர். பதினைந்து பதினாறு வயது இளைஞர் ஒருவருக்கோ அது ஓர் உலகத்தின் கதவாயிற்று. ஒரு நூல் தனக்குரிய வாசகரைக் கண்டடைந்த அந்த நிகழ்ச்சியில் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றாகச் சந்திக்கின்றன. அந்நூல் பூட்டிய அலமாரியிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற வினாவை அரங்கநாதனைவிட நன்றாக உணரத்தக்கவர் எவர்?

1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அரங்கநாதன் இயற்கை எய்தினார். ஆகஸ்டு 12ஆம் நாளை நூலகர் நாளாக நாடு கொண்டாடி வருகிறது.

ஒலிநூல்களும் அவர் விதியும்

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டபோதே, பார்வையற்றோர்க்கு அது நூல்களைப் படித்துக் காட்டும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் இங்கிலாந்திலும் இசைத்தட்டு வடிவில் பேசும் நூல்கள் வரத்தொடங்கின. அரங்கநாதன் சென்னையில் விதிகளை நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்த காலம் அதுவே. உரக்கப் படித்துக் காட்டும் மாலைநேரக் குரல் இசைத்தட்டிலும், நாடாவிலும், பின்னர்ச் செல்பேசியிலும் இடம் பெற்றது. இன்று தமிழ்ப் புதினமும் சிறுகதையும் கவிதையும் ஒலிநூலாகக் கிடைக்கின்றன. பேருந்தில் செல்லும் மாணவர் செவிவழியே ஒரு நாவலை முடித்துவிட இயலுகிறது.

அச்சு நூலைப் பார்வையற்றோர்க்கு ஒலியாகவும் பிரெய்லாகவும் மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாக நிற்பதை நீக்க, 2013இல் மராக்கேசு நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2014இல் அதற்கு ஏற்பளித்த முதல் நாடு இந்தியா. சென்னையில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோர்க்கெனவும் குழந்தைகளுக்கெனவும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. எவரையும் விலக்காத இரண்டாம் விதி இவ்வாறு செயலுருப் பெறுகிறது.

கேட்பது படிப்பாகுமா, செவிவழிப் பழக்கம் இளையோரைச் சோம்பலாக்காதா என்று ஐயுறுவோர் உளர். அவ்வையம் முற்றும் பொருளற்றதன்று. ஒரு வரியில் நின்று, திரும்பிப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, மௌனத்தில் அதனோடு வாழும் பழக்கத்தை ஏடே சிறப்பாக வளர்க்கிறது. ஆயினும் கவிதையின் ஓசையைச் செவியே முழுதும் அறியும். ஏட்டில் எழுத்தாய்க் கிடக்கும் சந்தம் குரலில்தான் உயிர்பெறுகிறது. இரண்டனுள் ஒன்றை இளையோரிடமிருந்து பறிப்பது இரண்டாம் விதிக்கு மாறானது. செவியில் தொடங்கியவர் ஏட்டிற்கு வரலாம். ஏட்டில் தொடங்கியவர் செவிக்குச் செல்லலாம். வாயில் எதுவாயினும் உள்ளிருக்கும் இல்லம் ஒன்றே.

ஆயினும் அரங்கநாதனின் வாழ்வு உணர்த்துவது ஒன்று எஞ்சியிருக்கிறது. கருவி தானே வாசகரை உருவாக்கிவிடாது. எழும்பூரில் நூல்கள் இருந்தன, மாளிகை இருந்தது, மனிதர் இல்லை. அங்கே மனிதரைக் கொண்டுவந்தது, வருகின்றவரை வரவேற்று, அவர் நாடுவதை அறிந்து, உரிய நூலை எடுத்துத் தந்த இன்னொரு மனிதரின் கையே. ஒலிநூல்கள் பல்லாயிரம் செல்பேசியுள் இருந்தாலும், இதனைக் கேட்டுப் பார் என்று ஓர் இளைஞரிடம் அன்போடு சொல்ல ஒருவர் வேண்டும். கவியரங்கங்களில் பாடும் குரலும், தம் நூலடுக்கிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குத் தரும் கையும் அப்பணியைச் செய்கின்றன. இலக்கிய வட்டங்கள் பத்தாண்டுகளையும் அதற்கு மேலும் கடந்து நிற்பதற்குரிய நியாயமும் அதுவே ஆகலாம்.

ஆறு வயது நிரம்புமுன் தந்தையின் குரலை இழந்த சிறுவர் ஒருவர், எல்லாச் சிறுவருக்கும் ஒரு நூலும் ஒரு குரலும் கிடைத்தாக வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் உழைத்தார். நாத் திக்கியவர் நாடெங்கும் நூலுக்காகப் பேசினார். ஆளற்ற நூலகத்தில் இருக்கப் பொறாதவர் ஆளற்ற நூலகமே இல்லாத நாட்டைக் கனவு கண்டார். அக்கனவில் நிறைவேறியது பெரிது. நிறைவேற வேண்டியது அதனினும் பெரிது. ஒரு நூலை அதற்குரிய இளைஞரிடம் சேர்ப்பிக்கும் ஒவ்வொருவரும் அரங்கநாதன் விட்ட இடத்திலிருந்து அப்பணியைத் தொடர்பவரே ஆவர்.